ஆச்சிக்கு என்ன கலர்?

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வயது 74. இடது பக்கம் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டாயிற்று. அதற்கப்புறம் மூன்று மாதம் என் மத்தியான வேளையெல்லாம் அந்தக் கட்டிலருகில்தான் கழிந்தது. மனித உருவம் வரைய நான் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். "வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு படம் வரைந்தாளாமே!" என்று முகவாயில் கை வைக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

ஆரம்பித்து வைத்தவள் என் மகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மாவைப் பார்க்க வந்த என் தம்பி, அக்கா மகளுக்கென்று 24 நிறம் கொண்ட வாட்டர் கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தான். பார்க்கச் சாதாரணக் கலர் பென்சில்தான். வரைந்த இடத்தில் ஈரப் பிரஷ்ஷால் தடவினால் கோடு கரைந்து வாட்டர் கலர் மாதிரி பரவிவிடும். அவள் ஒரே மூச்சில் குடும்பப் படம் போட்டுவிட்டாள். அப்பா, அம்மா, மாமா, தான், ஆச்சி. எல்லோருக்கும் முகமும் கையும் வெளிர் ரோஜா நிறம். ஆச்சி மட்டும் வெறும் கோடாக நின்றாள்.

"ஆச்சிக்கு ஏன் கலர் அடிக்கல?" என்றேன்.

"ஸ்கின் கலர் ஆச்சிக்கு மேட்ச் ஆகலம்மா."

"அப்போ பிரவுன் அடி."

கட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பிரவுன் அடிச்சா ஆச்சி வருத்தப்படுவாங்கல்லா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட ரோஜா நிறம் கிடையாது. பிரவுன் என்றால் ஆச்சிக்கு மனசு நோகும் என்று இந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யோசித்துப் பார்த்தால் நாங்கள்தான். புதுச் சேலை எடுத்துக் கொடுத்தால் "இந்தக் கரிக்கட்டைக்கு இது எடுக்குமாட்டி?" என்பாள் அம்மா. நாங்களும் சிரிப்போம். அவளுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் முகத்துக்கு மட்டும் பவுடரை அப்பி வெள்ளையாக்கியிருப்பார்கள். கைக்குப் பவுடர் பூச மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கையிரண்டையும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

அந்த "ஸ்கின் கலர்" பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கலர் சாக் செய்யும் கிரேயோலா என்ற கம்பெனியும் முன்பு இந்த நிறத்தைத் 'தோல் நிறம்' என்றுதான் விற்றுக்கொண்டிருந்தது. 1962-ல் 'பீச்' பழத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பழைய பேச்சு இன்னும் போகவில்லை.

அன்று மத்தியானம் மகள் ஸ்கூலுக்குப் போனதும் பெட்டியை எடுத்தேன். அம்மா கண்ணயர்ந்திருந்தாள். அவள் நிறத்தில் அவளை வரைந்து பார்த்துவிடுவது என்று ஒரு ரோஷம். கோலத்தைத் தவிர வேறெதுவும் வரைந்தறியாதவள் நான். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் சேலை சுற்றிய பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று வந்தது. விழித்துப் பார்த்த அம்மா, "என்னட்டி இது? பிள்ளையாரா?" என்று கேட்டாள்.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். இளம் வயதில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1850-ல் ஹன்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் அந்தக் கல்லூரியாக வளர்ந்தது. என் பூசணிக்காயை அவரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"உள்ளங்கையை முகத்துல வைம்மா. மணிக்கட்டு முகவாயில இருக்கட்டும். நடுவிரல் எங்க போகுது?"

வைத்துப் பார்த்தேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைத் தொட்டது. நீங்களும் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நம் சிற்பிகள் இந்த நீளத்துக்குத் தாளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். (ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை, செய்யப்போகும் சிலைக்குத் தக்கபடி அளவு மாறும் அங்குலம்.) பெரிய தெய்வங்களுக்கு உயரம் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து. அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்! நான் தலையைப் பெரிதாகப் போட்டு உடம்பை அதற்குக் கீழே சுருக்கிவிட்டிருந்தேன்.

இப்போது ஓவியம் கற்றுக்கொடுப்பவர்கள் உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஒரு தலை என்று கணக்கு வைக்கிறார்கள். வளர்ந்த ஆளுக்குச் சுமார் ஏழரைத் தலை உயரம். நிற்கும்போது முழு உயரத்தில் பாதி, தொடை பிரியும் இடத்தில் வந்துவிடும். இடுப்பில் இருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு தலை உயரம்தான். குழந்தையை வரைகிறேன் என்று உட்காருகிறவர்கள் தலையைச் சின்னதாகப் போட்டுவிட்டு, ஏன் குட்டி மாமா மாதிரி வருகிறது என்று விழிப்பது இதனால்தான். இன்னொன்று, கண். நாம் எல்லோரும் அதை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்போம். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நட்ட நடுவில்தான் இருக்கிறது கண். நம்பாதவர்கள் கண்ணாடி முன்னால் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

அளவெடுக்கவும் மாஸ்டர் வழி சொன்னார். கையை மடக்காமல் நீட்டி, பென்சிலை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பென்சில் முனை உச்சந்தலையில், கட்டைவிரல் நகம் முகவாயில். அது ஒரு தலை. அப்படியே இறக்கி எண்ணிக்கொண்டே போகலாம். முழங்கையை மடக்கினால் கணக்கு கெட்டுவிடும்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த ஆளை எதிரேயிருந்து வரைவது இதைவிடச் சிரமம். நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் தொடை, கண்ணுக்கு நாலு விரற்கடைதான் தெரியும். தொடை நீளமாயிற்றே என்று நம் மனசு இழுத்துக்கொண்டே போகும். ஒரு வாரம் அந்தத் தொடையோடு நான் போராடினேன். பென்சிலை நீட்டி அளந்து, பார்த்த அளவைப் பார்த்தபடியே போட்ட அன்றுதான் அம்மா நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தாள்.

இதற்கிடையே வீட்டில் வேறொரு சங்கடம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண்ணும், தினம் நாலைந்து தடவையாவது ரெண்டு ரெண்டு நிமிஷம் நிற்கச் சொன்னாள். அம்மாவோ அசையமாட்டேன் என்கிறாள். வலிகூடப் பெரிதில்லை, பயம். மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

இதை மாஸ்டரிடம் புலம்பியபோது அவர் தன் கல்லூரி நாள் பழக்கத்தைச் சொன்னார். மாடலை ரெண்டே நிமிஷம் நிற்க வைப்பார்களாம். அதற்குள் முழு உடம்பையும் சில கோடுகளில் பிடித்தாக வேண்டும். மூக்கு, கண், சேலைக் கரை எதுவும் கூடாது. உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். "மெரினாவுல உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பியே, யார் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இல்லைதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-ல் வைத்த சிலை. இவர் படித்த கல்லூரியில் அதற்கு முன்பு பல வருஷம் முதல்வராக இருந்தவர் அவர். நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். முதுகும் தொடையும் காலும்தான் மனசில் நிற்கிறது.

அடுத்த நாள் அம்மாவிடம், "ரெண்டே நிமிஷம் நில்லும்மா, எனக்கு வரையணும்" என்றேன்.

"என்னைப் போயி வரைஞ்சுக்கிட்டு... வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"வேற யாரு ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கா இந்த வீட்டுல?"

என்ன நினைத்தாளோ, எழுந்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றார். நான் எதிரே உட்கார்ந்து கோடு போட்டேன். அம்மாவுக்குக் கடிகாரம் பார்ப்பதில் கவனம் போய்விட்டது. "ஆச்சா? ஆச்சாட்டி?" என்று கேட்டுக்கொண்டே ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டாள்!

தினம் காலையில் ரெண்டு, மாலையில் ரெண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி போட்டு வைத்தேன். இதற்கு விலை உயர்ந்த காகிதம் எதற்கு? மகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்களே போதும். மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி, கழுத்துக்குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போலத்தான். ரெண்டு காலிலும் சமமாக நிற்கிறவருக்கு அந்தக் கோடு ரெண்டு பாதத்துக்கும் நடுவில் வந்து இறங்கும். முதல் வாரப் படங்களில் எல்லாம் அது வலது பாதத்தின் மேலேயே இறங்கியது. இடது குதிகால் தரையில் பட்டும் படாமலும். பாரம் முழுவதையும் வலது காலிலும் வாக்கரிலும் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நாற்பது படம் போல ஆன பிறகு பிசியோதெரபிப் பெண்ணிடம் காட்டினேன். வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தாள். கோடு மெல்ல மெல்ல நடுப்பக்கம் நகர்ந்து வந்திருந்தது. "ஆச்சி, இந்தக் கால்லயும் நிக்க ஆரம்பிச்சிட்டீங்களே!" என்று அவள் சொன்னபோது அம்மா அந்தத் தாள்களை எட்டி எட்டிப் பார்த்தாள். தன் உருவத்தை அவள் அப்படி ஆசையாகப் பார்த்து நான் பார்த்ததேயில்லை.

அந்தப் படங்களில் நிறம் கிடையாது. நிறம் போடுவது தனிக் கச்சேரி.

இந்தப் பென்சில் ஒன்றும் நேற்று வந்ததல்ல. ஜெனீவாவில் உள்ள காரன் தாஷ் என்ற கம்பெனி 1931-லேயே பிரிஸ்மலோ என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. (பென்சிலுக்கு ருஷ்ய மொழியில் உள்ள சொல்தான் அந்தக் கம்பெனியின் பெயராக ஆகியிருக்கிறது.) நம் அப்பாக்கள் காலத்துக் காப்பியிங் பென்சிலும் இதற்கு ஒருவகையில் அத்தை முறை. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும். அதில் இருந்தது அனிலைன் சாயம், வாயில் படக்கூடாதது. உங்கள் பிள்ளைகள் இந்தப் பென்சிலையும் நாக்கில் தொட்டு நனைக்கப் பார்க்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாதாரண நோட்டுக் காகிதம் ஈரம் பட்டால் அப்பளமாகப் பொரிந்துவிடும். வாட்டர் கலருக்கென்று கனமான காகிதம் இருக்கிறது. 300 கிராம் என்று கேளுங்கள். ஒரு தாளை நாலாகக் கிழித்துப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக்கொண்டால் மடியிலேயே வைத்து வரையலாம். உருண்டை முனைப் பிரஷ் ஆறாம் நம்பர் ஒன்று, துடைக்கப் பழைய வேட்டித் துணி. இவ்வளவுதான் சாமான்.

பென்சிலை அழுத்தித் தேய்க்காமல் பூப்போல ஓட்டுங்கள். அழுத்திப் போட்ட கோடு தண்ணீரிலும் முழுக்கக் கரையாமல் நிற்கும். பிரஷ்ஷை நனைத்து, துணியில் ஒற்றி, வெளிச்சமான பக்கத்தில் தொடங்கி நிழல் பக்கம் போக வேண்டும். திருப்பிப் போனால் நிழலின் கறுப்பு, வெளிச்சத்துக்குள் இழுபட்டு வந்துவிடும். நான் மூன்று முகத்தை அப்படி அழுக்காக்கியிருக்கிறேன். கைக்குத் தடவும்போது வளையல் போடும் திசையில் வளைத்துத் தடவினால் கை உருண்டு தெரியும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் ரெண்டும் கலந்து சேறு. தப்பாகிவிட்டால் ஈரம் இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். கண் இமை, புருவம், புறங்கைச் சுருக்கம் இதற்கெல்லாம் பென்சில் முனையையே தண்ணீரில் தொட்டு வரைந்தால் கோடு அடர்த்தியாக விழும். சிறிய இடங்களுக்கு, வேறொரு துண்டுக் காகிதத்தில் நிறத்தைக் கிறுக்கி வைத்து அதிலிருந்து ஈரப் பிரஷ்ஷால் தொட்டுக்கொள்ளலாம். பொட்டுக்குச் சாந்து தொடுவது மாதிரி.

இனி, அம்மாவின் நிறம். நான் பிரவுன் பென்சிலை மட்டும் வைத்துப் பூசினேன். மர பொம்மையாக வந்தது. நிழலுக்குக் கறுப்பைப் போட்டேன். அடுப்புக்கரி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. மாஸ்டர் பார்த்துவிட்டு, "கறுப்புப் பென்சிலை எடுத்து வீட்டுக்காரர்கிட்டக் கொடுத்துடு. அம்மா கையை ஜன்னல் வெளிச்சத்துல கொஞ்ச நேரம் பாரு" என்றார்.

பார்த்தேன். ஐம்பது வருஷமாகச் சோறு போட்ட கை. முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கை மடிப்பில் செங்காவி. விரல் நுனியில் ரோஜா. புறங்கையில் ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம் பட்டு ஒரு நீலப் பளபளப்பு, மயில் கழுத்தைப் போல. நிழல் பக்கத்தில் ஊதா. கறுப்பு எங்கேயும் இல்லை. வெளுத்த தோலில் இந்தப் பளபளப்பு அவ்வளவாக எடுத்துத் தெரியாது. கருத்த தோலில்தான் வெளிச்சம் அப்படி நிற்கிறது.

அப்புறம் இப்படிப் போட்டேன். முதலில் உடம்பு முழுக்க மஞ்சள் காவி, அதன் மேல் கொஞ்சம் ஆரஞ்சு, தண்ணீர். காய்ந்ததும் பிரவுன். மறுபடி காய்ந்ததும் கன்னத்தின் கீழும் கழுத்திலும் அடர் பிரவுனும் ஊதாவும். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு இங்கெல்லாம் காகிதத்தை வெள்ளையாகவே விட்டு, கடைசியில் வெளிர் நீலம் ஒரு தொடல். முகத்துச் சுருக்கம் அத்தனையும் போட வேண்டியதில்லை. மூன்று போட்டால் போதும், மீதியைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்பது மாஸ்டர் சொன்ன உபாயம். வெள்ளை நூல் சேலைக்கு நிறமே வேண்டாம். மடிப்பின் நிழல் மட்டும் நீலத்தில். மடிப்புகள் தோளிலும் முழங்காலிலும் தொடங்கி விசிறியாக இறங்கும். அந்த ரெண்டு இடத்தைச் சரியாகப் பிடித்தால் சேலைக்குள் உடம்பு இருப்பது தெரியும்.

முடித்து, ஒருநாள் முழுக்க அம்மாவிடம் காட்டாமல் பீரோவில் வைத்திருந்தேன். பயம்தான். மகள்தான் எடுத்துக்கொண்டு போய் நீட்டிவிட்டாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எம்புட்டுக் கறுப்பா போட்டிருக்கா பாரு" என்பாள், நான் ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"இது என் கையில்லா?" என்றாள். படத்தில் இருந்த கையின் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா கை மாதிரியும் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் மூன்று மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "ஏட்டி, இன்னிக்கு வரையலியா?" என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தால், ஆபரேஷனுக்காகக் கழற்றி வைத்த மூக்குத்தியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்து ஜன்னலோரம் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். கை ரெண்டும் மடிமேல், முந்தானைக்கு வெளியே.

மகளும் தன் குடும்பப் படத்தைத் தேடி எடுத்து ஆச்சிக்குக் கலர் அடித்து முடித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, தன் முகத்தின் மேலும், எங்கள் முகங்களின் மேலும் பிரவுனை ஓட்டி, பிரஷ்ஷால் ஒரு தடவு தடவிவிட்டாள். அடியில் இருந்த ரோஜா நிறம் கன்னத்தில் மட்டும் லேசாகத் தெரிந்தது. பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது.

அம்மா இப்போது கைத்தடியோடு வாசல் வரை போய் வருகிறாள். பெட்டியில் பிரவுன் பென்சில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டேன். தனியாகத் தரமாட்டார்களாம், பெட்டியோடுதான் வாங்க வேண்டுமாம். ஸ்கின் கலர் மட்டும் முதல் நாள் சீவிய முனையோடு அப்படியே கிடக்கிறது.